ஒன்பதின் இருபதாம் அடுக்கு

பதினேழு வயதில் என் அத்தைக்கு மூன்று எண்கள் மனப்பாடமாகத் தெரியும். இரண்டின் லாக் 0.3010. மூன்றின் லாக் 0.4771. ஏழின் லாக் 0.8451. இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவள் உலகத்தையே பிரித்துப் போட்டுவிடுவாள் என்று அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் நம்பினேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அவளைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தது வரை அவளுக்கு எல்லாம் அப்பாதான். எங்கள் வீடு கோட்டைப்பட்டினத்தில், படகுகள் அணைகிற ஜெட்டிக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அப்பா விசைப்படகில் டிரைவர். படகு வேறொருவருடையது. ஆனாலும் அப்பா 'நம்ம போட்டு' என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் கடலுக்குப் போவார்கள், மறுநாள் காலையில் திரும்புவார்கள்.

அப்பா கடலில் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நின்று போட்டுகளை எண்ணக் கூடாது. எத்தனை வந்தது, எத்தனை பாக்கி என்று வாய்விட்டும் எண்ணக் கூடாது, மனதுக்குள்ளும் எண்ணக் கூடாது. சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். அம்மா இதில் மகா கண்டிப்பு. ஏன் என்று கேட்டால் 'எண்ணுனா கொறையும்' என்பாள். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுகிற அத்தைகூட ஜெட்டிக்கு வந்தால் கடலைப் பார்க்க மாட்டாள், தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கால் விரல்களை எண்ணுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

அத்தை அந்த வருஷம் ஊர்ப் பள்ளியில் பிளஸ் ஒன். எங்கள் வீட்டில் அந்த வகுப்புவரை போன முதல் ஆள் அவள்தான். புத்தகத்தில் 'மடக்கை' என்று போட்டிருக்கும், ஆனால் டீச்சர் முதல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அது லாக்தான். வீட்டின் பின்பக்கம் மூடி உடைந்த பழைய மர ஐஸ் பெட்டி ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, 'விரித்தெழுதுக', 'மதிப்பு காண்க' என்று சத்தமாகப் படித்துவிட்டு எழுத ஆரம்பிப்பாள். எவ்வளவு கழுவினாலும் அந்தப் பெட்டியிலிருந்து மீன் வாடை போகவில்லை. அதனால் அத்தையின் கணக்கு நோட்டிலும் மீன் வாடைதான். பள்ளியில் யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை. பாதிப் பேர் நோட்டு அப்படித்தான் இருந்திருக்கும்.

பள்ளிவிட்டு வந்ததும் எனக்கு வேலை அவளுக்கு எண் கொடுப்பது. நான் ஏதாவது ஒரு எண் சொல்வேன், அவள் அதை உடைப்பாள். பன்னிரண்டு என்றால் இரண்டு லாக் இரண்டு, ஒரு லாக் மூன்று, கூட்டினால் 1.0791. ஐந்து என்று சொல்லி அவளை மடக்கிவிட்டதாக ஒருநாள் நான் குதித்தேன். அவள் நிமிரக்கூட இல்லை. பத்தை இரண்டால் வகுத்தால் ஐந்து, ஒன்றிலிருந்து 0.3010 போனால் 0.6990 என்று சொல்லிவிட்டு அடுத்த எண் கேட்டாள். பெருக்கல் அவள் கைபட்டால் கூட்டலாகிவிடும், வகுத்தல் கழித்தலாகிவிடும், தலைக்கு மேல் ஏறி நிற்கிற அடுக்கு இறங்கி வந்து முன்னால் கைகட்டி நின்றுவிடும். பதினொன்று, பதிமூன்று என்று ஏதாவது சொன்னால் மட்டும், "அது ஒடையாத சாதி, அங்கிட்டு வையி" என்பாள்.

அப்பாவின் போட்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 648. ஒருநாள் அதைக் கொடுத்தேன். அத்தை பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதி எழுதிப் பார்த்தாள். எட்டு, எண்பத்தொன்று. அதாவது மூன்று இரண்டுகள், நான்கு மூன்றுகள். வேறு எதுவும் மிச்சமில்லை. கூட்டினாள், 2.8114 வந்தது. லாக் புத்தகத்தைப் புரட்டினாள், 2.8116 என்று இருந்தது. கடைசி இடத்தில் அந்த இரண்டு எங்கே போனது என்று அன்று பொழுது சாய்கிறவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், நான்கு இலக்கத்தோடு வெட்டி வைத்த எண்ணை ஏழு தடவை கூட்டினால் வெட்டிய துணுக்குகளும் சேர்ந்துகொள்ளும் என்று அவளே கண்டுபிடித்துச் சமாதானமானாள். அப்பா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அண்ணே, ஒங்க போட்டு முழுக்க ரெண்டும் மூணுந்தாண்ணே. வேற ஒண்ணுமே இல்ல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்ப பலகை ஆணிக்கெல்லாம் காசு வாங்குனானே, அது எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். ஆனால் மறுநாள் ஜெட்டியில் நாலு பேரிடம் அதையே சொல்லிச் சிரித்தாராம். 'எந்தங்கச்சி சொன்னா' என்று ஆரம்பித்துத்தான் சொன்னாராம்.

அத்தைக்குப் பிழையே வராது என்று சொல்ல வரவில்லை. இதற்கெல்லாம் முன்பு, காலாண்டுத் தேர்வில் ஒரு பிழை செய்தாள். ஐந்தின் லாக் கேட்டதற்கு, ஐந்து என்பது இரண்டும் மூன்றும் சேர்ந்ததுதானே என்று இரண்டின் லாக்கையும் மூன்றின் லாக்கையும் கூட்டி 0.7781 என்று எழுதிவிட்டாள். அது ஆறின் லாக். டீச்சர் அந்தத் தாளை வகுப்பில் உயர்த்திக் காட்டி, "இந்தப் புள்ள கணக்குப்படி அஞ்சும் ஆறும் ஒண்ணு. அஞ்சு ரூவா குடுத்து ஆறு ரூவாயா வாங்கிக்கலாம்" என்றாராம். வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரில் கரியால் பெரிதாக எழுதினாள்: கூட்டலை உடைக்காதே. அம்மா அதைக் கும்பிடுகிற வாசகமோ என்னவோ என்று நினைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள். பெருக்கலைத்தான் உடைக்கலாம், கூட்டலை உடைக்கக் கூடாது என்பது அதன்பிறகு எங்கள் வீட்டில் பூனைக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது.

மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை. அம்மா மீன் ஏலத்துக்குப் போயிருந்தாள், அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தபால்காரர் அப்பா பெயருக்கு ஒரு தபாலை என் கையில் கொடுத்தார். என் கையில் ஒருவர் தபால் கொடுப்பது அதுதான் முதல் தடவை. பெரிய மனுஷியாகிவிட்ட நினைப்பில் அங்கேயே பிரித்துப் படித்தேன். அனுப்பியவர் பெயர் இல்லை. ஒரு மலைக்கோயிலில் நாகம் ஒன்று மனிதக் குரலில் பேசியதாம். அது சொன்னதை ஒன்பது நாட்களுக்குள் ஒன்பது பேருக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். எழுதி அனுப்பியவருக்கு வேலை கிடைத்தது, புதையல் கிடைத்தது. அலட்சியமாகக் கிழித்துப் போட்டவர் வீட்டில் ஒன்பதாம் நாள் சம்பாதிக்கிற ஆள் போய்விட்டார். 'இக்கடிதம் தற்போது இருபதாவது சுற்றில் தங்களை வந்தடைந்துள்ளது' என்று கடைசியில் இருந்தது.

எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் யார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பா பெயருக்கு வந்த தபாலை ஏன் பிரித்தாய் என்று முதுகில் நாலு விழும். அதைவிட, அம்மா பயந்துவிடுவாள். ஆகவே நானே ஒன்பது எழுதி முடித்துக் காதும் காதும் வைத்தாற்போல அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று மாலைக்குள் மூன்று எழுதினேன். நான்காவது எழுதும்போதுதான், யாருக்கு அனுப்புவது என்ற கேள்வி வந்தது. எனக்கு முழுசாகத் தெரிந்த முகவரி உலகத்தில் ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டு முகவரி. எனக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லோரும் இரண்டு தெருவுக்குள் இருந்தார்கள். அவர்களுக்குத் தபால் போட்டால் சாயங்காலமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு யோசிப்போம் என்று கடிதத்தை என் சமூக அறிவியல் புத்தகத்தின் பிரௌன் அட்டைக்குள் செருகி வைத்தேன். பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது, தெருவில் கயிறு தாண்டும் விளையாட்டு வந்தது. நாகத்தை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா கடலுக்குப் போனார். வாசலில் வழக்கம்போல, "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடைக்காற்று ஒரே ஊதலாக ஊதியது. அம்மா ஆறு மணிக்கே கூடையோடு ஜெட்டிக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குத் தெருவில் மற்ற வீட்டு ஆண்களெல்லாம் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் எங்கள் வாசலைக் கடக்கும்போது, தலையைத் திருப்பாமல் போனார். பதினொரு மணிக்கு அம்மா வெறுங்கூடையோடு வந்தாள். "காத்துல தள்ளிருக்கும். வந்துரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கூடையை வைத்தாள், அடுப்பைப் பற்ற வைக்காமல் திரும்பவும் ஜெட்டிக்கே போனாள். அப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியில் இருப்பதாக ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு நாகம் ஞாபகத்துக்கு வந்தது. விரல் விட்டு எண்ணினேன். கடிதம் வந்த சனிக்கிழமையைச் சேர்த்தால் அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

கடல் செய்யவில்லை, காற்று செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று எனக்குச் சர்வ நிச்சயமாகத் தெரிந்தது. கயிறு தாண்டி விளையாடி அப்பாவைக் கொன்றுவிட்டேன். புத்தக அட்டையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

அத்தை ஐஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவளுக்குக் கணக்குத் தேர்வு. நோட்டு திறந்திருந்தது, பேனா மூடியிருந்தது. நான் கடிதத்தை அவள் மடியில் போட்டுவிட்டு, என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாத மாதிரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அவள் சிரித்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பேனா மூடியைக் கழற்றினாள்.

"இங்கிட்டு வா. ஒக்காரு. இதுல என்ன போட்டுருக்கு? ஒருத்தருக்கு வந்தா ஒம்பது பேருக்கு எழுதணும். அந்த ஒம்பது பேரும் ஆளுக்கு ஒம்பது எழுதணும். இல்லையா?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினேன்.

"இது இருபதாவது சுத்தாம். அப்ப ஒம்பத இருபது தடவ பெருக்கணும். பெருக்குனா நாளைக்குப் பரீட்ச முடிஞ்சுரும். நம்ம எதுக்குப் பெருக்கணும், ஒடச்சுருவோம்." எழுதிக்கொண்டே சொன்னாள். ஒன்பதின் அடுக்கு இருபது. லாக் போட்டால் இருபது கீழே இறங்கிவிடும். இருபது பெருக்கல் லாக் ஒன்பது. ஒன்பது என்பது மூன்றின் இரண்டாம் அடுக்கு, அந்த இரண்டையும் இறக்கு. நாற்பது பெருக்கல் லாக் மூன்று. 0.4771-ஐ நாற்பதால் பெருக்கினாள். 19.0840.

"முன்னால பத்தொம்பது நிக்குது பாத்தியா. அப்படின்னா நம்பர்ல இருபது எலக்கம் இருக்கும். இருபது எலக்கம். அதத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியாது."

பிறகு அவள் என் சமூக அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். உலகத்து மக்கள் எல்லோரையும் சேர்த்தாலே அறுநூறு கோடிச் சொச்சம்தான் என்று அதில் இருந்தது. அது பத்து இலக்கம். பத்தாவது சுற்றிலேயே நம் நாட்டு ஜனத்தொகையைப்போல மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. பதினோராவது சுற்றில் உலகம் முடிந்துவிடுகிறது, எழுத ஆள் இல்லை. அதற்கப்புறம் மீனுக்கும் நண்டுக்கும்தான் தபால் போட வேண்டும்.

"அப்ப இது இருபதாவது சுத்துன்னு வந்துருக்குன்னா என்ன அர்த்தம்? வந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு எழுதவே இல்ல. கிழிச்சுப் போட்டுட்டுச் சோத்தப் பாக்கப் போயிட்டாங்க. கிழிச்சவங்க வீட்டுலயெல்லாம் ஆளு போயிருந்தா இந்நேரம் ஒலகத்துல யாருடி மிச்சம்? தபால்காரர் எங்கிட்டு இருந்து வந்தாரு? கடுதாசியக் குடுத்தாருல்ல ஒங்கிட்ட?"

கொடுத்தார். தொப்பை குலுங்கச் சைக்கிளில் வந்து கொடுத்தார். அதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "ஒம்பதாம் நாளு செத்துட்டாருன்னு போட்டுருக்கே அத்தே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "தெனமும் யாராச்சும் சாகத்தாண்டி செய்யிறாங்க. எங்க அம்மாவும் அய்யாவும் போனப்ப கடுதாசியா வந்துச்சு?" என்றாள். அந்தக் குரல் அவளுடைய கணக்குக் குரல் இல்லை. உடனே சரிசெய்துகொண்டு, கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள். விடை சரியாக வந்தால் இரண்டு கோடு போடுவது அவள் பழக்கம்.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாகமாவது பேசுவதாவது. இருபது இலக்கத்துக்கு முன்னால் அது என்ன செய்ய முடியும். "கிழிச்சுரவா?" என்று கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன். "குடு, நான் கிழிச்சுக்கிறேன். நீ போயி பழைய சோறு இருக்கும், தின்னு" என்று வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் பழைய சோற்றை மோர் மிளகாயோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்து, வெட்கமில்லாமல் தூங்கியும் போனேன். அப்பா இன்னும் வரவில்லை என்பதே அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வராமல் போனாலும் காரணம் நான் இல்லை என்பது உறுதியாகிவிட்டது அல்லவா. பிள்ளைகளின் அன்பு சில நேரம் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

விழித்தபோது உச்சி வெயில். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வேகத்தில் அவள் எழுதி நான் பார்த்ததில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது, விரலெல்லாம் மை. நோட்டின் நடுப்பக்கத்திலிருந்து பின் கழற்றித் தாள்களை எடுத்திருந்தாள். எழுதி முடித்தவற்றைப் பறக்காமல் இருக்கக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தே எழுதுற?"

"கணக்கு."

"எத்தன கணக்கு?"

"ஒம்பது. தொந்தரவு பண்ணாத, போ."

பயிற்சியில் ஒன்பது கணக்கு இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் போட்டு வரவில்லை, ஊரே ஜெட்டியில் நிற்கிறது, அதற்காகப் படிப்பை விட்டாளா பார், கணக்கு என்றால் இவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை என்று மெய்சிலிர்த்துப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவள் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாடத்தில் சந்தேகம் கேட்கக் கூடப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். செருப்புப் போட மறந்து அந்த வெயிலில் வெறுங்காலோடு போனாள். திரும்பி வந்தபோது முழங்கால் வரை புழுதி. இத்தனை சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டுதான் வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

நாலு மணி சுமாருக்குத் தெருமுனையில் சத்தம் கேட்டது. இன்ஜின் நின்றுபோய், விடிய விடிய அலையில் கிடந்த போட்டை, வேறொரு போட்டு கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் அவர்கள் கைபிடித்து நடந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நான் ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். டீசலும் உப்பும் கலந்த வாடை. அத்தை ஓடி வரவில்லை. நிலைப்படியில் நின்று, "சோறு வடிக்கட்டாண்ணே?" என்று கேட்டாள். அப்பா, "வடி தாயி" என்றார். அவள் உள்ளே போகாமல் பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள். வெகுநேரம் அடித்துக்கொண்டாள். மை போகவில்லை போலிருக்கிறது என்று நான் சோப்பு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அந்தத் தேர்வில் அத்தை வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். நான் என் பங்குக்கு ஊரைத் திருத்தப் புறப்பட்டேன். எங்கள் பள்ளியில் யாராவது அப்படி ஒரு கடிதத்தோடு அழுதுகொண்டு வந்தால் நேராக என்னிடம் வருவார்கள். ஒன்பதின் இருபதாம் அடுக்கு இருபது இலக்கம், தெரியுமா, என்று கேட்டுவிட்டு அவர்கள் கண்முன்னாலேயே கிழிப்பேன். அடுக்கு என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு அத்தை இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மூடநம்பிக்கை பற்றி நான் பிற்காலத்தில் பேச்சுப்போட்டிகளில் முழங்கியதற்கெல்லாம் அந்த ஐஸ் பெட்டிதான் மேடை.

அத்தை அதே கணக்கைப் படித்து, கணக்கு டீச்சராகவே ஆனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறந்தாங்கியில் சொந்தமாக வீடு கட்டினாள். புதுமனை புகுவிழாவுக்கு அவளோடு படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர்களில் ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர் முஸ்லிம் தெருக்காரர், இப்போது தையல் கடை வைத்திருக்கிறார்.

"ஒங்க அத்தை எனக்கு நாகசாமி கடுதாசி குடுத்தாளே, தெரியுமா ஒனக்கு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பிளஸ் ஒன் படிக்கயில. அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்கு மொத நாளு. நல்ல உச்சி வெயிலு, செருப்பில்லாம வந்து வாசல்ல நிக்கிறா. மடிச்ச தாள் ஒண்ணக் கையில குடுத்துட்டு, படிச்சுட்டு வச்சுக்கங்கறா. பிரிச்சா, மலையில பாம்பு பேசுச்சு, ஒம்பது பேருக்கு எழுதுன்னு இருக்கு. எங்க வீட்டுல அத வச்சு நாங்க என்ன பண்றது? மறுநா பள்ளிக்கொடம் போனா, ஒம்பது பேருகிட்ட அதே தாளு." அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "திட்டணும்னு கெளம்புன எனக்கு அந்தக் கடேசி வரியப் பாத்ததுந்தான் திட்ட மனசு வரல."

"என்ன வரி?"

"அது இன்னமும் ஞாபகம் இருக்கு. 'உனக்கு ஒன்றும் ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ யாருக்கும் எழுத வேண்டாம்'னு கீழ எழுதி, ரெண்டு கோடு போட்டுருந்தா."

என் இலையில் பாயசம் பரவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அணை கட்டவில்லை. எனக்குக் கண்ணில் தெரிந்ததெல்லாம் கால் கட்டைவிரலால் மிதித்துப் பிடித்திருந்த அந்தத் தாள்கள்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள். ஒன்பது என்று எண்ணிக்கையையும் சொன்னாள். கணக்கின்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்து நான் அன்று மெய்சிலிர்த்தேன். உலகத்து அறுநூறு கோடிப் பேருக்கும் அந்தக் கணக்கு சரியென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சரி, கூடப் படித்த ஒன்பது பேருக்கும் சரி. வராத போட்டில் இருந்த ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவளால் அதை நம்பி விட முடியவில்லை. என் பயத்தை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டு, சோறு தின்னப் போ என்று என்னை அனுப்பிய பிள்ளைக்கு வயது பதினேழு. என்னைவிட ஏழே வயது பெரியவள். அன்றைக்கு அவளைத் தேற்றுவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

கை கழுவிவிட்டு அவளைத் தேடிப் போனேன். சமையலறை வாசலில் ரச வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"அத்தே, அன்னைக்கு எழுதுனியே ஒம்பது கணக்கு, எல்லாம் சரியா வந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தோழியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பிறகு, கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இலையை வழித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"போட்டு வந்துருச்சுல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு, அப்பாவுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றப் போனாள்.